கொலைக்குப் பின் ஒரு குளிர்கோட்டு!

"ஒத்தைக் கட்டில் யாருக்குடி? சொல்லு... யாருக்கு?"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்ல கேக்குது."

"கேக்கட்டும்! ஊரே கேக்கட்டும்! ஒத்தைக் கட்டில்... ஒருவழி டிக்கெட்... குளிருக்குப் போடற கோட்டு... 'சண்டையில்லாமல் சுமுகமாக விவாகரத்து, முதல் ஆலோசனை இலவசம்'! இதெல்லாம் உன் போன்ல எதுக்குடி வருது?"

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது.

கேட்க வசதியாக இருக்க வேண்டுமே!

இன்ஸ்பெக்டர் ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தாள். இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருட சர்வீஸ். இரண்டு குதிகாலிலும் வலி. ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் 'கொட்டாவி'. அவளுக்கும் அது தெரியும். கோபப்படுவதற்குத் தெம்பு இருந்தால்தானே!

"நான் எதையும் தேடலங்க. அதுவா வருது."

"அதுவா வருமா? எனக்குக் காது குத்தறியா? நீ ஒண்ணைத் தேடினாத்தான் அது உன்னைத் தேடி வரும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஐம்பத்திரண்டு வயது. தலை மட்டும் இரண்டு மாதமாகப் புது டயர் மாதிரி கறுப்பாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு வந்துச்சு பாரு... அதுதான் எனக்குப் புரியவே இல்ல. 'பல்செட் தேய்க்கும் மெஷின், மேசையோடு'! யாரு அவன்? எந்தப் பல்லுக்காரனோட ஓடப் போற?"

இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவி வந்தது.

பாதியில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"யாரோட ஓடப் போறேன்னு கேட்டேன்!"

"அது இல்ல. என்ன மெஷின்?"

"பல்செட் தேய்க்கிற மெஷின்..."

போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். கட்டில்... டிக்கெட்... ஒரு அறை வீடு... ஆழ்ந்த தூக்கத்துக்கு மாத்திரை.

இதே வரிசையை அவள் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறாள். நாலு நாளைக்கு முன்னால்... ஒரு பிணத்துக்கு மேல்மாடியில்!

"நான் வரேங்க."

"பதில் சொல்லிட்டுப் போடி!"

"சாயந்திரம் சண்டை போடலாம். மூணு மணிக்குள்ள ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போகாம இருக்கணும்."

"போ, போ. எனக்கும் கிளாஸ் இருக்கு. கார் பழக வர்ற அந்தம்மாவுக்குப் பதினோரு மாசமா ரிவர்ஸே வரல."

மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.

*

செத்தவர் பல் டாக்டர்.

மாடியில் வீடு, கீழே க்ளினிக். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அவர் தன் நோயாளிகளை உட்கார வைக்கும் அதே நாற்காலியில் மல்லாந்து, வாயைத் திறந்தபடி கிடந்தார். கடைவாய்ப் பல்லுக்கு வந்த ஒரு பாட்டுவாத்தியார், டாக்டர் தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனசு வராமல், இருபது நிமிஷம் பத்திரிகை படித்தபடி காத்திருந்தார்.

பக்கத்தில் டீ ஃபிளாஸ்க். அதில் ஒரு குடும்பத்தையே தூங்க வைக்கும் அளவுக்குத் தூக்க மாத்திரை!

தினமும் நாலரை மணிக்கு அந்த டீயைப் போட்டுக் கீழே அனுப்புவது டாக்டரின் மனைவி. மாடிச் சமையலறையில் இருந்த டேப்லெட்டைத் திறந்தால் தூக்க மாத்திரை விளம்பரம். கீழே தள்ளினால் ஒரு அறை வீடு. இன்னும் தள்ளினால் ஒருவழி டிக்கெட்.

ஆனால் அவள் எதையும் தேடியதாக அந்த டேப்லெட்டில் பதிவே இல்லை.

"அழிச்சிருக்கா!" என்று மேலதிகாரி போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். "தேடினது ஒரு குத்தம், அழிச்சது ரெண்டாவது குத்தம். இன்னிக்கு மூணு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்துங்க. கேஸை இழுக்காதீங்க."

கேஸை இழுக்க அவளுக்கு மட்டும் ஆசையா? அடுத்த மாதம் டிரான்ஸ்ஃபர். போகிற இடத்தில் வேலை குறைவு, தூக்கம் அதிகம் என்று கேள்வி.

ஸ்டேஷனில் டாக்டர் மனைவியின் அக்கா, ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தங்கையை 'விசாரணை' என்று நாலு நாளாக ஸ்டேஷனிலேயே வைத்திருந்து, நேற்று ராத்திரிதான் கைது எழுதியிருந்தார்கள். நாலு நாளாக அதே பெஞ்ச். அதே பை.

ஏட்டு எழுந்து நின்றார். "அந்தம்மா இன்னிக்கும் எதுவும் சாப்பிடல மேடம்."

இன்ஸ்பெக்டர் லாக்கப் கம்பியருகே போனாள்.

"ஏம்மா, பல்செட் தேய்க்கிற மெஷின் உனக்கு எதுக்கு?"

டாக்டர் மனைவி நிமிர்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்னது?"

"கோட்டு? குளிர் கோட்டு?"

"மேடம்... எனக்கு ஃபேன் கீழ உக்காந்தாலே தும்மல் வரும். குளிர் ஊருக்கு நான் ஏன் போறேன்? எத்தனை தடவைதான் சொல்றது? நான் எதையும் தேடல. அதுவா வருது."

அதுவா வருது!

ஒரு மணி நேரத்துக்கு முன் தானும் அதையேதான் சொன்னாள். தன்னை நம்பவும் ஆளில்லை.

"ஏட்டய்யா, 'வயரை'க் கூப்பிடுங்க!"

*

'வயர்' என்பது கணினிப் பிரிவு அதிகாரி. ஒல்லி. ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருடம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை ஊரெல்லாம் தேடுகிறவர்.

இன்ஸ்பெக்டரின் போனையும் அந்த டேப்லெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மேடம், விளம்பரக்காரனுக்கு ஆளைத் தெரியாது. வீட்டைத்தான் தெரியும். ஒரே வைஃபையில இருக்கிற அத்தனை பேரும் அவனுக்கு ஒரே குடும்பம். மாடியில ஒருத்தர் செருப்பு தேடினா, கீழ இருக்கிறவர் போன்ல செருப்பு வரும்."

"நான் அந்தக் குடும்பம் இல்லையே!"

"செவ்வாய்க்கிழமை ஸ்பாட்ல இருந்து போட்டோ எல்லாம் எப்படி அனுப்பினீங்க?"

இன்ஸ்பெக்டர் யோசித்தாள்.

அவள் போனுக்கு க்ளினிக்கில் சிக்னல் இல்லை. காத்திருப்போர் அறைச் சுவரில் ஒரு போர்டு. 'இலவச வைஃபை. பாஸ்வேர்டு: பல்லேபலம்.' போட்டாள். அதற்குப் பிறகு விசாரணைக்குப் போன மூன்று நாளும் போன் தானாகவே போய் ஒட்டிக்கொண்டது.

"ஒரு தடவை ஒட்டினா நீங்களும் அந்த வீட்டு மனுஷிதான். 'சம்மதம்'னு ஒரு பட்டன் வந்திருக்குமே?"

"வந்துச்சு. அமுக்கினேன்."

"படிச்சீங்களா?"

"பிணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எவன்யா படிப்பான்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சம்மதம், சம்மதம்னு கேக்குது. என் கல்யாணத்துலகூட எங்கிட்ட யாரும் ஒரு தடவைக்கு மேல கேக்கல."

வயர் சிரிக்கவில்லை. "ஆக, அந்தம்மா எதையும் அழிக்கல. அந்த டேப்லெட்ல யாரும் எதையும் தேடவே இல்ல. அதே வைஃபையில வேற யாரோ தேடியிருக்காங்க."

"நோயாளிங்கன்னு வெச்சா நூறு பேர் இருப்பாங்களே?"

"கோட்டும் மெஷினும் எப்ப வர ஆரம்பிச்சுது?"

"நேத்துலேருந்து."

"க்ளினிக் மூடி நாலு நாளாச்சு. அந்தம்மா லாக்கப்ல. அப்புறமும் அந்த வீட்டுக்குள்ள உக்காந்து ஒருத்தர் தேடிக்கிட்டே இருக்கார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாலு நாளாக அந்த வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருக்கும் ஆள் ஒருவன்தான். பாதியில் நின்ற வேலையை முடித்துக் கொடுக்கிறேன் என்று அனுமதி கேட்டவன். அனுமதித்தது யார்?

இதே இன்ஸ்பெக்டர்தான்!

மணி பன்னிரண்டே கால்.

*

க்ளினிக்கின் பின்கட்டு அறை. சுவர் முழுக்க மர அலமாரி. அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் மாவில் வார்த்த ஒரு தாடை. மேலே சீட்டு... 'தபால்காரர் மேல் தாடை', 'மரக்கடை அம்மா கீழ் தாடை'.

அத்தனை தாடைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு பல்வரிசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான் 'பல்செட்'. பதினெட்டு வருடமாக டாக்டருக்குப் பல்செட் செய்து கொடுப்பவன். நாற்பத்தைந்து வயது. தலை மொட்டை... தானாக வந்த மொட்டை. அதில் ட்யூப்லைட் தெரிந்தது.

"வாங்க மேடம். உக்காருங்க. அந்த ஸ்டூல்ல மாவு இருக்கும், பாத்து."

"வேலை நடக்குதா?"

"பதினாலு பேர் பல்லில்லாமக் காத்திருக்காங்க மேடம். ஒருத்தருக்கு நாளைக்கு மகள் கல்யாணம். டாக்டர் போயிட்டார்னு சொன்னா போட்டோவுல சிரிக்க முடியுமா?"

நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினான். நிஜமாகவே நல்ல மனுஷனாக இருந்த நாட்களும் உண்டு என்றுதான் அந்தத் தெருவில் சொல்கிறார்கள்.

"உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பழைய பட்டன் போன். மூன்றாம் நம்பர் தேய்ந்துபோயிருந்தது.

"நெட்டெல்லாம் நமக்கு எதுக்கு மேடம்? கூப்பிட்டா எடுப்பேன். அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் சோர்ந்து போனாள். வயர் நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். ஏட்டு வாசலில் நின்று வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது.

அப்போதுதான்...

"பார்சல்!"

தலையில் ஹெல்மெட்டோடு ஒரு கூரியர்காரர் பின்வாசலில் நின்றார். கையில் பொதபொதவென்று ஒரு பெரிய கவர்.

"பல் க்ளினிக், பின்வாசல்... இதுதானே? குளிர்கோட்டு ஒண்ணு, பெரிய சைஸு. ஓ.டி.பி. சொல்லுங்க."

பல்செட்டின் கை நின்றது. மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலீங்களே. மாறி வந்திருக்கும். எடுத்துட்டுப் போங்க."

"அப்படியெல்லாம் எடுத்துட்டுப் போக முடியாதுங்க. மறுபடி ஓ.டி.பி. அனுப்பறேன், பாத்துச் சொல்லுங்க."

கூரியர்காரர் தன் போனில் அமுக்கினார்.

'டிங்!'

அலமாரிக்குள்ளிருந்து!

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகத் தாடைகள். எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன.

"இன்னொரு தடவை அனுப்புப்பா," என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

'டிங்!'

"இன்னும் ஒரு தடவை."

'டிங்!'

நடு வரிசை. மூன்றாவது பெட்டி. 'பாட்டுவாத்தியார் மேல் தாடை.'

ஏட்டு திறந்தார். தாடைக்கு அடியில் பஞ்சு. பஞ்சுக்கு அடியில்... பளபளவென்று ஒரு புது போன்!

"ஏழு... நாலு... ரெண்டு... ஒண்ணு," என்று வாசித்தார் ஏட்டு.

"ரொம்ப தேங்க்ஸுங்க. இன்னும் இருபத்தேழு வீடு இருக்கு," என்று கோட்டை வைத்துவிட்டு, எதையும் திரும்பிப் பார்க்காமல் போயே போய்விட்டார் கூரியர்காரர்.

பல்செட் ஓடவில்லை. மெஷினை அணைத்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான், மாவின் மேலேயே.

"தினமும் அழிச்சேனே மேடம்... ஒண்ணு விடாம அழிச்சேனே!"

"உங்க போன்லதான் அழிச்சீங்க," என்றார் வயர். "மாடியில அந்தம்மாவுக்கு வந்ததை யாரு அழிக்கிறது?"

"டீ கீழ வந்ததும் ஃபிளாஸ்க்ல நான்தான் கலந்தேன். அந்தம்மா மேல பழி விழணும்னு நான் நினைக்கல. சத்தியமா நினைக்கல. விழுந்துச்சு. சரின்னு வாயை மூடிக்கிட்டேன்."

"ஏன் செஞ்சீங்க?"

"மட்ட சரக்குல பல்லு செஞ்சேன் மேடம், ஒரு வருஷமா. நாலு பேருக்கு வாயெல்லாம் புண்ணு. டாக்டர் கண்டுபிடிச்சுட்டார். புதன்கிழமை பல் டாக்டர் சங்கத்துக்கு எழுதப் போறேன், இனி நீ எங்கேயும் பல்லைத் தொட முடியாதுன்னார். பதினெட்டு வருஷம்! போர்டுல அவர் பேரு. ஊர் வாயில இருக்கிறது எல்லாம் என் கை. வேற என்ன மேடம் தெரியும் எனக்கு?"

"அதான் ஓடறபோதும் மெஷினைத் தேடினீங்க."

"போற இடத்துல பொழைக்கணுமே."

மாவு குழைக்கும் ரப்பர் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக எதுவோ ஒட்டியிருந்தது. அது மாவா, மாத்திரையா என்று சொல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஏட்டு அதை உறையில் போட்டார். டாக்டர் மனைவிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தது.

*

"ஒரு கையெழுத்து மேடம்," என்றார் வயர் ஸ்டேஷனில். "உங்க போன்ல வந்த விளம்பரம் எல்லாம் லிஸ்ட் போட்டிருக்கேன். இவர் தேடினதுதானான்னு ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்துடலாம்."

பல்செட்டைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் லிஸ்ட்டை வாசித்தாள்.

"தூக்க மாத்திரை?"

"என்னுது."

"ஒருவழி டிக்கெட், கோட்டு, ஒரு அறை வீடு, மெஷின்?"

"என்னுது."

"ஒத்தைக் கட்டில்?"

"என்னுதுதான்."

"ஆண்களுக்கான ஹேர் டை. பத்து வயசு குறையும்."

பல்செட் கை விலங்கோடு மெதுவாகத் தன் தலையைத் தடவிக் காட்டினான்.

ஏட்டு இருமினார்.

"சரி... மலை உச்சி விடுதியில் இருவருக்கு இரண்டு நாள்?"

"நான் ஒண்டிக்கட்டை மேடம்."

"சுமுகமாக விவாகரத்து?"

"எனக்குக் கல்யாணமே ஆகல. யாரைங்க விவாகரத்து பண்றது?"



வயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "மேடம்... உங்க போன் இன்னொரு வைஃபையிலயும் தினமும் இருக்குமே?"

"இருக்கும்."

"அந்த வீட்ல... எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

புது டயர் மாதிரி ஒரு தலை அவள் கண் முன்னால் வந்தது. குளியலறைத் துண்டில் இரண்டு மாதமாகப் போகாத கறுப்புக் கறை. ஷூ பாலிஷ் என்றாரே! காலையில் எகிறிய எகிறல்... தான் தேடியதைப் பெண்டாட்டி போனில் பார்த்துப் பயந்துபோய், அவள் கேட்பதற்கு முன்னால் இவர் கேட்டுவிட்டார்.

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவளுக்குக் கொட்டாவி வரவில்லை.

"அந்த மூணையும் அடிச்சிடுங்க," என்றாள். "அது வேற கேஸு."

வெளியே பெஞ்சில் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் டேப்லெட்டைக் காட்டினாள்.

"கேஸ் முடிஞ்சதும் இது உங்களுக்குத் திரும்ப வந்துடும்மா."

"வேணாம் மேடம்." டாக்டர் மனைவி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "என்னைப் பத்தி அதுக்கு ஒண்ணுமே தெரியல. ஆனா ஊரே அதைத்தான் நம்புச்சு."

*

சாயந்திரம் வீட்டுக்காரர் சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வந்தியா? காலையில கேட்டதுக்குப் பதில் எங்கே?"

இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றினாள். முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று.

"கட்டில், கோட்டு, பல்லு மெஷின் எல்லாம் ஒரு கொலைகாரனோடது. பிடிச்சாச்சு."

"ஓ..."

"மலை உச்சி விடுதியும் வக்கீலும் அவனோடது இல்லையாம்."

பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.

வீட்டுக்காரர் தலையைக் கோதிக்கொண்டார். கையில் லேசாகக் கறுப்பு ஒட்டியது.

"ஏங்க, அந்தம்மாவுக்கு ரிவர்ஸ் வந்துடுச்சா?"

அவர் கையைச் சோபாத் துணியில் துடைத்தார்.

"வக்கீல்கிட்ட முதல் ஆலோசனை இலவசம்தானே? ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துடலாம். எனக்குத் தூங்கணும்."

*

டாக்டர் மனைவி க்ளினிக்கை ஒரு இளம் கண் டாக்டருக்கு விட்டுவிட்டு அக்கா ஊருக்கே குடிபோய்விட்டாள். அங்கே அவள் வீட்டில் வைஃபை கிடையாது. கடிதாசு போட்டால் பதில் வருகிறதாம். நாளைக்கு மகள் கல்யாணம் என்று காத்திருந்தவர் போட்டோவில் வாயை மூடியபடிதான் நிற்கிறார். பல்செட்டுக்கு ஆயுள் தண்டனை. அந்தக் கோட்டு சாட்சிப் பொருளாக ஸ்டேஷனில் தொங்குகிறது.

வீட்டுக்காரர் எட்டு மாதத்தில், பதினோரு மாதம் கார் பழகிய அதே அம்மாவைக் கட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போனார். கல்யாண வரவேற்புக்கு அந்தம்மாவே கார் ஓட்டி வந்து, பின்பக்கமாகவே மண்டபத்துக்குள் நிறுத்தினாளாம். மிக்ஸிக்காரி நேரில் பார்த்தது!

இன்ஸ்பெக்டர் டிரான்ஸ்ஃபரில் போனாள், ஏட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு. வேலை குறைவு என்றது பொய். தூக்கம் அதிகம் என்றது அதைவிடப் பொய்.

ஒருநாள் மதியம் அவள் போனில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. கோர்ட்டு பிரித்து வைத்த விஷயத்தை விளம்பரக்காரனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் கணக்கில் அவளும் வீட்டுக்காரரும் இன்னமும் ஒரே குடும்பம்.

ஏட்டு எட்டிப் பார்த்தார். "என்ன மேடம் அது?"

"ஒத்தைக் கட்டில்."

"நீங்க தேடினீங்களா?"

"நான் இல்ல."

ஏட்டுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் நிதானமாக, முழுசாக, வாய் நிறைய ஒரு கொட்டாவி விட்டாள்.

"பழைய ஸ்டேஷன்ல சாட்சிக்கு வெச்ச கோட்டு சும்மாத்தானே தொங்குது ஏட்டய்யா... அவருக்கு அனுப்பி வைக்கலாமான்னு கேட்டுப் பாருங்க. தனியாப் படுத்தா குளிரும்!"